பூலம்மையின் இடுப்பில் இருந்த புகை

கோரைமுனை உப்பளத்தில் மூன்றாம் பாத்தியின் வரப்புமேல் ஏழு பேர் வந்து நிற்கிற செய்தியை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் ஓடிப்போய்ச் சொல்லவில்லை. அன்றைக்கு உப்பு வாருகிற நாள், உப்பு வாருகிற நாளில் எங்களில் எவருக்கும் ஓடுவதற்குக் கால் மிச்சமிருக்காது. பலகையால் உப்பை இழுத்து இழுத்து வரப்போரம் ஒதுக்கிக்கொண்டு போனவர்கள், அந்த ஏழு பேர் நிற்கிற இடம் வந்ததும் பலகையைச் சற்றே திருப்பி அவர்களுடைய பாதங்களைச் சுற்றிப் போய், தாண்டியதும் மறுபடி நேராக இழுத்தார்கள். பத்து மணிக்குக் காப்பி குடிக்க உட்கார்ந்த பிறகுதான், அது சரி, அங்கே நிற்கிறது யார் என்று ஒருத்தி கேட்டாள், இன்னொருத்தி நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளுவ மாதிரித்தான் இருக்காவ, ஆனா சாயம் போயிருக்கு" என்றாள்.

சாயம் போயிருந்தது உண்மைதான். நான்கு ஆண்கள், மூன்று பெண்கள். ஏழு பேருக்கும் தோலிலும் துணியிலும் கண்ணின் வெள்ளையிலும் ஒரே நிறம், ஆறிப்போன கடுங்காப்பியின் நிறம், அதிலேயே கொஞ்சம் கூடுதல், கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான். அவர்களுடைய நிழல் காலையில் மேற்கே விழுந்தது, நடுப்பகலிலும் மேற்கே விழுந்தது, சூரியன் இறங்கி எங்கள் நிழலெல்லாம் கிழக்கே நீண்டு கிடந்தபோதும் அவர்களுடையது மட்டும் மேற்கே, காலையில் கிடந்த அதே அளவில் கிடந்தது. கங்காணி தவசிக்கண்ணு வந்து முதலில் அதட்டினார், பிறகு கெஞ்சினார், பிறகு நான்கு ஆட்களை விட்டுத் தள்ளச் சொன்னார். "சுவரத் தள்ளுத மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்று அவர்கள் கையை உதறிக்கொண்டு வந்தார்கள். "சரி, நின்னுட்டுப் போட்டும், பாத்திக்குள்ள எறங்காம இருந்தாச் சரி" என்று கங்காணி போய்விட்டார். எங்கள் ஊரில் அதிசயத்துக்குக் கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான், அதற்குமேல் கொடுக்க எங்களிடம் தெம்பு கிடையாது.

மூன்றாம் நாள் அவர்கள் பேசினார்கள். உதடு அசையவில்லை; சடை பின்னும்போது வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டு பெண்கள் பேசுவார்களே, அப்படி ஒரு குரல் வந்தது. பேசியவர் வரிசையின் நடுவில் நின்ற வயசாளி, உடையான் என்று பேர் சொன்னார். தலை ஆடாமல் இருக்க அவர் பிடரியில் ஓர் இரும்புக் கவட்டை முட்டுக்கொடுத்திருந்தது, அதோடேயே வந்திருந்தார். வெகுகாலத்துக்கு முந்தி ஒரு நாள் காலையில் ஒரு துரை மாட்டுவண்டியில் வந்ததாகவும், ஊர் ஊராய்ப் போய் மலையையும் கோயிலையும் ஆட்களையும் பிடித்துப் புத்தகத்தில் ஒட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கென்று பேச்சை மாற்றிச் சொல்லக் கூட வந்த துபாசி சொன்னதாகவும், உப்பு வாரிக்கொண்டிருந்த தங்களைக் கூப்பிட்டு உயரவாரியாக நிறுத்தி, மூன்று கால் பெட்டியை எதிரே நட்டு, தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டதாகவும் அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் உப்புச் சுமக்கிற கடவாய்ப் பெட்டியைத் தலையில் வைத்தபடியே நின்று கேட்டோம்.

"நான் சொல்லுத வரைக்கும் அசையாதிய, அசஞ்சவன் கெட்டுப்போவான்னு துபாசி வாயால துரை சொன்னாரு. நாங்க அசையல. அவரு துணிக்குள்ளேருந்து வந்தாரு, பெட்டிய மடக்குனாரு, குடைக்குக் கீழ உக்காந்து அவிச்ச முட்ட தின்னாரு, வண்டியேறிப் போயிட்டாரு. போதும்னு சொல்லல. துபாசிக்குப் பசியா இருந்திருக்கும், மறந்திருப்பான்."

"அப்ப அன்னேலருந்து நிக்கியளா?" என்று கங்காணி கேட்டார்.

"எங்க உசுரு உடம்பெல்லாம் இங்க உழைச்சு இங்கயே செத்துப்போச்சு. புத்தகத்துக்குள்ள போனது மட்டும் நின்னுக்கிட்டே இருந்துது. கால்வலி பொறுக்கல. நிக்கதுதான் விதின்னா நம்ம ஊருல போய் நிப்போம்னு வந்துட்டோம்."

இது எங்களுக்கு நன்றாகவே விளங்கியது. உப்பில் நிற்கிற கால் எப்படி வெடிக்கும், வெடிப்புக்குள் உப்புநீர் இறங்கினால் உச்சந்தலை வரைக்கும் எப்படிச் சுண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் அதற்குப் பிறகு ஊர், ஊருக்குத் தெரிந்ததைச் செய்தது. ஓலையால் அவர்கள் தலைக்குமேல் ஒரு பந்தல் போட்டோம்; பாதங்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினோம்; காப்பி வேளையில் ஆளுக்கொரு மடக்கு நீராகாரத்தை உதட்டோரம் ஊற்றினோம், அது உள்ளே இறங்கியதா வெளியே வழிந்ததா என்று பார்க்கவில்லை. பேருந்து நடத்துநர் உப்பளத்து நிறுத்தத்தை "ஏழுபேர் எறங்கு" என்று கூப்பிடத் தொடங்கினார். முறை சொல்லிக் கூப்பிடுவதில்தான் கொஞ்சம் தகராறு வந்தது: வருஷக் கணக்குப்படி அவர்கள் எங்கள் பூட்டன் பூட்டிகள், முகத்தைப் பார்த்தால் பாதிப் பேர் எங்கள் பிள்ளைகளின் வயசு. கடைசியில் ஆண்களையெல்லாம் அண்ணாச்சி என்றும் பெண்களையெல்லாம் மைனி என்றும் கூப்பிடுவதென்று முடிவாயிற்று, எந்த வயசுக்கும் அது பொருந்தும்.

உப்புப் பாக்கெட் கம்பெனியில் வேலை பார்க்கிற ஜெபசீலிதான் அந்தப் புத்தகத்தைக் கைபேசியில் கண்டுபிடித்தாள். நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்திய புத்தகம், கடல் கடந்த ஏதோ ஒரு தேசத்துக் காட்சியகத்தில் அது இருந்தது, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உலகம் பார்க்கப் போட்டிருந்தார்கள். கோபுரம், யானை, சுட்ட புலி, சுடாத புலி, மாட்டுவண்டி, துரையின் சாப்பாட்டுக் கூடை, கூடைப் பக்கத்தில் துரையின் நாய். நாய்க்குக் கீழே நாயின் பேர் எழுதியிருந்தது. அறுபத்திரண்டாம் பக்கத்தில் உப்பளம் மட்டும் இருந்தது, பளிச்சென்று, ஆளில்லாமல். அதற்குக் கீழே எழுதியிருந்ததை ஜெபசீலி தமிழில் சொன்னாள்: "உப்பு வாரும் சாதியின் மாதிரிகள், ஏழு. குழந்தை அசைந்தபடியால் கெட்டுவிட்டது."

குழந்தையைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும். வரிசையில் கடைசியாக நின்றவள் பூலம்மை, பார்வைக்கு இருபது இருபத்திரண்டு வயசு. அவள் இடது கை வளைந்து இடுப்பில் ஒரு பிள்ளையை அணைத்திருந்தது, வளைந்த கைக்குள் பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை இருந்தது. துணியின் ஓரம் தெரியும், ஒரு குதிகால் மாதிரி ஏதோ தெரியும், அதற்குமேல் எல்லாம் கலைந்து குழைந்து ஒன்றுமில்லாமல் கிடக்கும். அந்தக் காலத்துப் பெட்டிக்கு ஒரு முகத்தைப் பிடிக்க வெகுநேரம் பிடிக்குமாம், ஆடினால் முகம் விழாதாம், பிள்ளை ஆடியிருக்கிறது, பிள்ளையென்றால் ஆடத்தானே செய்யும். பூலம்மையின் கண் நேர் எதிரே, பெட்டி நின்ற திக்கில் குத்திட்டு நின்றது. கழுத்தைத் திருப்பினால் தானும் கெட்டுப்போய்ப் பிள்ளையைப் பிடிக்கக் கையில்லாமல் போகுமோ என்ற பயத்தில் அவள் நூற்று நாற்பது வருஷமாகக் கீழே குனிந்து பார்க்கவே இல்லை.

அவள் பேசியது முதன்முதலில் வேலக்கனியிடம். வேலக்கனிக்கு நாற்பத்தைந்து வயசு, மூன்றாம் பாத்திக்காரி, வேலையில் கெட்டி, வாய் குறைச்சல். பூலம்மையின் பாதத்துக்கு எண்ணெய் தடவக் குனிந்தவளிடம் மேலேயிருந்து குரல் வந்தது.

"எம்மா, எம் புள்ள எப்படி இருக்கா? பாத்துச் சொல்லு தாயி. மொகமே மறந்துபோச்சு."

வேலக்கனி நிமிர்ந்து புகையைப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு பிள்ளை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்த வகையில் சொன்னாள், அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பிள்ளைதான். "நல்லா இருக்கா மைனி. எடது புருவம் நடுவுல லேசா அறுந்திருக்கு. கீழ ரெண்டு பல்லு, மேல ஒண்ணு பாதி மொளச்சிருக்கு. காதுமடல்ல ஒரு மச்சம். சிரிச்சா ஒரு கண்ணு மட்டும் இடுங்குது."

"அப்படியா இருந்தா?" என்று பூலம்மை கேட்டாள். பிறகு, "இருக்கும்" என்றாள்.

அது சுபிதாவின் முகம். வேலக்கனியின் மகள், பத்து மாசத்தில், இருபது வருஷத்துக்கு முந்திய ஒரு பங்குனியில், பாத்தி ஓரத்துக் கொட்டகையில் மூன்று நாள் வயிற்றோட்டத்தில் போய்விட்டவள். காதுகுத்துக்குத் தூத்துக்குடி ஸ்டுடியோவில் படம் எடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள், காதுகுத்து வரைக்கும் அவள் இருக்கவில்லை. படம் இல்லாத முகத்தை வேலக்கனி நெஞ்சிலேயேதான் வைத்திருந்தாள், நெஞ்சும் வெயிலில் வேலை செய்கிற நெஞ்சுதானே, சில வருஷங்களாக முகம் அவளுக்கு நழுவத் தொடங்கியிருந்தது. முதலில் மூக்கு போயிற்று, பிறகு மோவாய், எது வலது எது இடது என்பதும் போயிற்று. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, பெற்ற பிள்ளையின் முகம் மறந்துவிட்டதென்று எந்தத் தாய் வெளியில் சொல்வாள். அன்றைக்குப் பூலம்மைக்குச் சொன்னபோது சொல்லச் சொல்ல முகம் திரும்பி வந்தது. மச்சம் வலது காதில் என்பது பேச்சின் நடுவில்தான் அவளுக்கே ஞாபகம் வந்தது.

பூலம்மை எல்லாரிடமும் கேட்டாள். எண்ணெய் தடவ வந்தவளிடம் கேட்டாள், பந்தல் ஓலை மாற்ற வந்தவனிடம் கேட்டாள், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பிள்ளையைச் சொன்னார்கள். சுருட்டை முடி என்றாள் ஒருத்தி, மொட்டை என்றான் ஒருத்தன், பையன் என்றுகூட ஒரு கிழவர் சொல்லிவைத்தார். பூலம்மைக்குக் குழம்பிப்போயிற்று. எம் புள்ளய மாத்திட்டாவளா, எத்தன புள்ள வச்சிருக்கேன் என்று அவள் புலம்பியது காற்றுக்கு எங்கள் தெருவரைக்கும் கேட்டது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் போட்டோம். வேறு ஊராக இருந்தால் அவளிடம் உண்மையைச் சொல்வதா என்று பேசியிருப்பார்கள். நாங்கள் பேசியது எந்தப் பொய்யைச் சொல்வது என்பதைத்தான். முதலில் சொன்னது வேலக்கனி, ஆகவே வேலக்கனி சொன்ன முகத்தையே எல்லாரும் சொல்ல வேண்டும், மாற்றிச் சொன்னால் தண்டம் என்று தலைவர் அருணகிரி தீர்ப்புச் சொன்னார். வேலக்கனி எழுந்து நின்று முகத்தைச் சொல்ல, ஊர் மொத்தமும் வாய்ப்பாடு படிப்பதுபோல் திருப்பிச் சொன்னது. இடது புருவம் நடுவில் அறுந்திருக்கும். கீழே இரண்டு பல். மேலே ஒன்று பாதி. வலது காதில் மச்சம். சிரித்தால் ஒரு கண் மட்டும் இடுங்கும். அது யார் முகம் என்று வயசானவர்களில் சிலருக்குத் தெரிந்தது, அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அன்று முதல் ஐந்து மாதம் எங்கள் ஊரில் எங்கு திரும்பினாலும் சுபிதாவின் முகமாகவே இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் போகிற வழியில் நின்று சொன்னார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொன்னார்கள், மீன்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள். பலகையை இழுத்துக்கொண்டே அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள் வேலக்கனி, கேட்கக் கேட்க அவள் நடையே மாறிற்று. இருபது வருஷமாகத் தன் ஒருத்தியிடம் மட்டும் இருந்து தேய்ந்துகொண்டிருந்த ஒன்றை ஊர் பூராவும் தூக்கிச் சுமந்தது. சந்தோஷமாக இருந்தாள், அதை மறைக்கவும் இல்லை. காப்பி வேளையில் மற்றவர்கள் கால் நீட்டி உட்காரும்போது அவள் மட்டும் பூலம்மையிடம் போய், நேற்றுச் சொல்லாமல் விட்ட ஏதாவது ஒன்றைச் சொல்வாள், பிள்ளை கட்டைவிரலை விட்டுவிட்டு நடுவிரலைச் சூப்புகிறது என்பாள், தூக்கத்தில் உதட்டைப் பிதுக்குகிறது என்பாள். பூலம்மையின் கழுத்தில் சில சமயம் திரும்பப் பார்ப்பதுபோல் ஒரு நரம்பு ஓடும். அப்போதெல்லாம் வேலக்கனி அவசரமாக, "அசையாதிய மைனி, புள்ள இப்பத்தான் கண்ணசந்திருக்கா" என்பாள்.

அவர்களை விடுவிக்க நாங்கள் எதுவும் செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தலைவர் அருணகிரியே சால்வையோடு வந்து, "போதும், எல்லாரும் உக்காருங்க" என்று சத்தமாகச் சொன்னார். உடையான் முழங்கால் மடங்கத் தொடங்கியதை அன்றைக்குப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அதே மூச்சில் தலைவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "ஒரு நிமிசம், அப்படியே நில்லுங்க, படம் எடுத்துக்கிடுவோம்" என்றார், மடங்கிய கால் நிமிர்ந்துவிட்டது. அவரை மட்டும் சொல்லி என்ன. வெளியூரிலிருந்து வேன் வேனாக வந்தவர்கள் சொன்னார்கள், எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் சொன்னார்கள், நாங்களும் ஆளாளுக்குச் சொல்லிக் கைபேசியைத் தூக்கியிருக்கிறோம். அப்படியே நில்லுங்க, அசையாதீங்க, இங்க பாருங்க. துரை போதும் என்று சொல்லவில்லையே என்று குறைபட்டுக்கொண்ட அதே ஊர்தான்.

ஆவணி கடைசியில் காட்சியகத்திலிருந்து ஆள் வந்தது. நரைத்த தலை, மெல்லிய குரல், நல்ல மாதிரியான ஒரு வெள்ளைக்கார அம்மாள். உப்பு எங்களுக்குச் சோறு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், மரியாதைக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்து உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டார். மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் கூட வந்திருந்தார், எந்த நேரமும் தூங்கிவிடுவார்போல் இருந்தது அவர் முகம். அம்மாள் அந்தப் புத்தகத்தையே வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார், அறுபத்திரண்டாம் பக்கத்தை விரித்துக் காட்டினார். பக்கம் காலியாகிவிட்டதில் அங்கே எல்லாருக்கும் வருத்தமாம். அதை வைத்துப் படித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிற்கிறார்களாம். இவர்களைக் கூட்டிக்கொண்டு போக வரவில்லை, இங்கேயே வைத்து, இதே வரிசையில், இதே நிலையில், இன்னும் ஒரே ஒரு படம் எடுத்து அந்தக் காலிப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள அனுமதித்தால் போதுமாம். அந்தக் காலத்தில் நடந்ததுக்கு மன்னிப்பும் கேட்டார். மன்னிப்பைப் பேராசிரியர் இரண்டே சொல்லில் முடித்தார்.

எடுத்தால் என்ன ஆகும் என்று உடையானுக்குத் தெரிந்திருந்தது. "மறுபடி அந்தத் தாளுக்குள்ள போய் நிக்கணும். எங்களால ஆவாது சாமி" என்றார்.

அம்மாள் தலையசைத்தார், புரிந்துகொண்டவர்போலத்தான் தெரிந்தது. பிறகு பூலம்மையின் இடுப்பைப் பார்த்துக்கொண்டு பேராசிரியரிடம் ஏதோ சொன்னார். இப்போதுள்ள கருவி கண் இமைப்பதற்குள் எடுத்துவிடும், யார் அசைந்தாலும் கெடாது, குழந்தையின் முகமும் விழும் என்று அவர் சொன்னதாகப் பேராசிரியர் சொன்னார்.

"எம் புள்ள மொகம் விழுமா?" என்று கேட்டது பூலம்மை. "எடுத்தத எனக்குக் காட்டுவியளா? கழுத்தத் திருப்பாம, என் கண்ணுக்கு நேரா?"

"காட்டுவோம்."

"அப்ப எடுங்க. இன்னொரு நூறு வருசம் நிக்கேன்."

மற்ற எல்லாருக்குமாகச் சேர்த்து உடையான், "அவளுக்காவ நிப்போம்" என்றார். நாளை காலை பத்து மணி வெளிச்சத்தில் எடுப்பதென்று முடிவாயிற்று.

வேலக்கனி அன்றைக்குப் பொழுது சாயும்வரை பலகையை இழுத்துக்கொண்டே இருந்தாள். கருவிக்கு என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியும்; எங்கள் ஊரில் எத்தனை கைபேசியில் எத்தனை ஆயிரம் படம் எடுத்திருக்கிறோம், ஒன்றில்கூடப் புகையைத் தவிர எதுவும் விழுந்ததில்லை. நாளைக்கு அந்தப் புகையைத்தான் பூலம்மையின் கண்ணுக்கு நேரே நீட்டிக் காட்டப் போகிறார்கள், காட்டிவிட்டுத் தாளுக்குள் கொண்டுபோய்விடுவார்கள், அவள் அதைத் தெரிந்துகொண்டபடியே நின்றுகொண்டிருக்க வேண்டும். இதை இன்றைக்கே சொல்லிவிடலாம். சொன்னால் பூலம்மை திரும்பிப் பார்த்துவிடுவாள், அப்புறம் சுபிதாவின் முகத்தைக் கேட்க உலகத்தில் ஆள் கிடையாது, ஊரும் இரண்டு மாதத்தில் மறந்துவிடும், தானும் மறந்துவிடுவாள். பிள்ளை இரண்டாம் தரம் சாகப்போகிறது என்றே அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் மூன்று கால்களை நட்டுக் கருவியை ஏற்றியாயிற்று. ஊரே வரப்பில் நின்றது. அம்மாள் குனிந்து கண்ணைக் கருவியில் வைத்த நேரத்தில் வேலக்கனி கையில் பலகையோடு பாத்தியிலிருந்து ஏறி வந்து பூலம்மைக்கும் கருவிக்கும் நடுவில் நின்றாள். "ஏட்டி, வெலகு, மறைக்கே" என்று கங்காணி கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

"மைனி, நான் சொன்ன மொகம் உங்க புள்ள மொகம் இல்ல" என்றாள். "எம் புள்ளயோடது. அவ செத்து இருவது வருசமாச்சு. உங்க இடுப்புல எங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, பொக மாதிரி கெடக்கு. அந்த மிசினுக்கும் தெரியாது. ஊருபூரா உங்ககிட்டப் பொய் சொன்னோம், தொடங்குனது நான்."

பூலம்மை கேட்டாள்: "அப்ப எம் புள்ள இல்லியா?"

"கை கனக்குல்லா?"

"கனக்கு."

"சூடு இருக்கா?"

"இருக்கு. காலால ஒதைக்குது."

"அப்ப இருக்கா. வேற யாரு பாத்தும் பிரயோசனம் இல்ல, நீங்க பாக்கணும்."

"அசஞ்சாக் கெட்டுப்போவம்னாரே."

"அவரு படத்துக்குத்தான் கேடு மைனி, உங்களுக்கு என்ன கேடு. அசையாதன்னு அவரு ஒரு தடவதான் சொன்னாரு. நான் தெனமும் சொன்னேன்." வேலக்கனி பலகையைக் கீழே போட்டாள். "நின்னது போதும். குனிஞ்சு பாருங்க."

பூலம்மை குனிந்தாள். நூற்று நாற்பது வருஷம் திரும்பாத கழுத்து, வெயிலில் இறுகிய உப்புப் பொருக்கை மிதித்தால் எழுகிற சத்தத்தோடு திரும்பியது. திரும்பத் திரும்ப அவள் முகமும் கலைந்தது, மூக்கும் வாயும் குழைந்து இழுபட்டுப் புகையாகி, இடுப்புப் புகையோடு சேர்ந்துகொண்டது, எங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது. "மூக்கம்மா" என்று பூலம்மை கூப்பிட்டாள். ஐந்து மாதம் முகத்தை ஒப்பித்தோமே தவிர, பிள்ளையின் பேர் என்னவென்று எங்களில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது, வெட்கமாக இருந்தது.

மற்ற ஆறு பேரும் அதைப் பார்த்துவிட்டு ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். உடையான் பிடரியிலிருந்த கவட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். காலைப் பாத்தித் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு, அம்மாடி, அப்பாடி என்று அவர்கள் முனகிய முனகலைக் கேட்டு எங்கள் கால்களும் வலித்தன. வெள்ளைக்கார அம்மாள் பழக்கதோஷத்தில் ஒரு தடவை அமுக்கிவிட்டார்போலிருக்கிறது, கருவியின் முதுகில் பார்த்தார், புத்தகத்தை மெதுவாக மூடித் துணியில் சுற்றினார். ஏதோ சொன்னார். பேராசிரியர் அதைத் தமிழில் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பூலம்மை வரப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அழுகை அடங்கி, சப்புகிற சத்தம் மட்டும் கேட்டது. வேலக்கனி அந்தப் பக்கம் பார்க்காமல், போட்ட பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கப் போனாள். அப்போது பூலம்மையின் குரல் வந்தது, உதட்டில் ஊக்கு இல்லாத, தொண்டை திறந்த குரல்.

"எம்மா, உன் புள்ள மாதிரி இல்ல. இவ வேற மாதிரி இருக்கா."

வேலக்கனி நின்றாள். ஊரெல்லாம் வாய் வாயாய்க் கைமாறி, பாட்டாய்ப் படித்து, ஏழு மாதிரிகளோடு எட்டாவது மாதிரியாகப் போய்ச் சேரவிருந்த ஒரு முகம், அந்த ஒரு வார்த்தையில் மறுபடி அவளுடைய மகளின் முகமாக, வேறு யாருக்கும் பொருந்தாத முகமாக அவளிடம் வந்து சேர்ந்தது. அது இனிமேல் தேயும், மூக்கும் மோவாயும் மறுபடி போகும், அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. பலகையை வரப்பில் சாய்த்து வைத்தாள். பூலம்மைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வெடித்த கால்களைத் தண்ணீருக்குள் விட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருபது வருஷத்து அழுகையை அழுதாள். கங்காணி இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார், பிறகு அவரும் விட்டுவிட்டார்.